கேமராவுக்குக் கீழே ஒரு பெட்டி

ஜூன் 13, வியாழன்

பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவியாகிவிட்டேன். பதினெட்டு வயதில் தாராபுரம் இரும்புக்கடையொன்றில் ஆணி எடைபோட்டவளை இன்று மேடையில் நடுநாற்காலியில் உட்காரவைத்தார்கள். தாளாளர் நல்லமுத்து சால்வை போர்த்தினார். "சால்வை கெடக்கட்டுமுங்க, வேலையைச் சொல்லுங்க" என்றேன். கைதட்டினார்கள்.

மகள் பிரகதி ஏழாம் வகுப்புக்கு லீடர். வாராவாரம் வியாழக்கிழமை கடைசி பீரியடில் வகுப்பு நோட்டுகளை ஆபீசில் கொண்டுபோய் வைப்பது அவள் பொறுப்பு. "ஒரே வூட்ல ரெண்டு தலைவி. நான் டெம்போவுலயே குடியிருந்துக்கறேன்" என்றார் வீட்டுக்காரர். சிவசாமி பேசுவதே அபூர்வம். பேசினால் இப்படித்தான்.

பெயிண்டு கம்பெனிக்காரன் கொடுத்த டைரி ஆறு மாதமாகச் சும்மா கிடந்தது. இனி எழுதலாம். எழுதி வைக்காத சரக்கு காணாமல் போகும்.

ஜூலை 3, புதன்

ரெஜினா என்றொரு பெண் என் ஹார்டுவேர் கடைக்கு வந்தாள். முப்பது வயதிருக்கும். தொண்டு நிறுவனத்திலிருந்து பள்ளி பள்ளியாகப் போய்ப் பிள்ளைகளுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்கிறாளாம். யார் எங்கே தொடலாம், தொடக்கூடாது, தொட்டால் என்ன செய்வது, யாரிடம் சொல்வது. தாளாளரைப் பார்த்தாளாம். அவர் என்னைக் கைகாட்டிவிட்டார்.

"ரெண்டு நாள் வேணுங்கக்கா. பசங்களுக்கும் புள்ளைகளுக்கும், ரெண்டு பேருக்கும்."

"பசங்களுக்கு எதுக்கு?"

"அவங்களுக்கும் நடக்குதுங்கக்கா."

எனக்கு ஒரு மாதிரி இருந்தது. ரெண்டு நாள் பாடம் போனால் பெற்றோர் என் கழுத்தைப் பிடிப்பார்கள். ஒரு மணி நேரம், பெண் பிள்ளைகளுக்கு மட்டும் என்று பேசி முடித்தேன். விலையைக் குறைத்து முடித்த திருப்தி. அதையும் எழுதத்தான் வேண்டும்.

புகார்ப்பெட்டி ஒன்று வைக்கச் சொன்னாள். பெட்டி நம்முடையது, நான் தருகிறேன் என்றேன்.

ஜூலை 6, சனி

பெட்டி மாட்டியாயிற்று. பதினெட்டு கேஜ் தகடு, பச்சைப் பெயிண்டு, நல்ல பூட்டு. நானே டிரில் பிடித்துச் சுவரில் நான்கு போல்ட் இறக்கினேன்.

எங்கே மாட்டுவது என்பதில்தான் வாக்குவாதம். ரெஜினா தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மாட்டச் சொன்னாள். "போடறது யாருன்னு ஆருக்கும் தெரியக்கூடாதுங்கக்கா."

"ஏனுங்க, மறைவுல மாட்டுனா ரெண்டே நாள்ல பசங்க பேத்தெடுத்துப் போட்டு கிரிக்கெட் ஸ்டம்பு நட்டிருவானுங்க. இருவது வருசமா யாவாரம் பண்றேன். கல்லாப்பெட்டியைக் கண்ணு முன்னாலதான் வைக்கோணும்."

ஆபீஸ் வராந்தாவில், வாசலுக்கு நேரெதிரே மாட்டினேன். மேலே ஒரு கேமராவும் என் செலவிலேயே. அதன் திரை பள்ளி மேனேஜர் தண்டபாணி மேசையில். அவர்தான் ஒயரையும் பிடித்துக் கொடுத்தார். ஐம்பது வயது, நெற்றி நிறைய விபூதி, தைப்பூசத்துக்கு எங்கள் பாதயாத்திரைக் குழுவை வருஷா வருஷம் பழநிக்கு நடத்திக் கூட்டிப்போகிறவர். "அக்கா எதையும் அரைகுறையா செய்யமாட்டாங்க" என்றார்.

சாவி ரெண்டு. ஒன்று அவரிடம், ஒன்று என்னிடம்.

ரெஜினா பையை மாட்டிக்கொண்டு போனாள். கோபம் போல. தொழில் தெரியாத பெண்.

ஜூலை 18, வியாழன்

பயிற்சி நடந்தது. பையன்களைக் களை பிடுங்க மைதானத்துக்கு அனுப்பினோம். பெரியவர்கள் வெளியே இருந்தால்தான் பிள்ளைகள் வாய் திறக்கும் என்றாள் ரெஜினா. தாளாளரையும் மேனேஜரையும் எழுந்து போகச் சொல்வது மரியாதையா? முன்வரிசையில் நாற்காலி போட்டு டீ கொடுத்தேன்.

நன்றாகத்தான் பேசினாள். "ஒருத்தர்கிட்டச் சொல்லி அவங்க கேக்கலைன்னா இன்னொருத்தர்கிட்டச் சொல்லுங்க. அவங்களும் கேக்கலைன்னா அடுத்தவங்ககிட்ட. கேக்கற ஆள் கிடைக்கறவரைக்கும் நிறுத்தாதீங்க." பிள்ளைகளைத் திரும்பச் சொல்லச் சொன்னாள். முன்வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

பி.வி.சி. பைப் லோடு வந்தது. நாலு பைப் விரிசல், திருப்பி அனுப்பினேன். பிரகதிக்கு வயிற்றுவலி, பள்ளிக்குப் போகவில்லை. ஓமத் தண்ணீர் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 22, வியாழன்

மறுபடி வயிற்றுவலி. டாக்டர் அமுக்கிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். வயசுக்கு வரப்போகிறாளோ என்னவோ.

செப்டம்பர் 5, வியாழன்

வயிற்றுவலி. இன்று நான் விடவில்லை. கணக்குப் பரீட்சைக்குப் பயந்து நடிக்கிறாள் என்று இழுத்துப்போய் டெம்போவில் ஏற்றினேன். அழவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

செப்டம்பர் 15, ஞாயிறு

சோறு போடும்போது சொல்கிறாள்: "அம்மா, நான் லீடரா இருக்கலை. வேற ஆரையாச்சும் போடச் சொல்லு."

"ஏங்கண்ணு?"

"புடிக்கலை."

"புடிக்கலைன்னா உட்டுட்டுப் போறதா? நானெல்லாம் புடிச்சா அந்த இரும்புக்கடையில எட்டு வருசம் நின்னேன்?"

"நோட்டு கொண்டுபோறது மட்டுமாச்சும் வேற ஆராச்சும்..."

"நோட்டு தூக்கக்கூட வலிக்குதா ஒனக்கு?"

அரைத் தட்டு சோற்றோடு எழுந்து போய்விட்டாள். சிவசாமி என்னைப் பார்த்தார். "செல்லங் குடுத்துக் கெடுத்ததே நீங்கதான்" என்று அவர் மேலும் ஒரு பாட்டு விழுந்தது.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுதபூஜை. தராசு, டிரில், கட்டிங் மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தோம். பிரகதி சாமி அலமாரியைத் துடைத்தாள். பழநி உண்டியலைக் கையில் எடுத்து ரொம்ப நேரம் வைத்திருந்தாள்.

"இதை எப்பம்மா தொறப்பே?"

"தைப்பூசத்துக்கு நடக்கறதுக்கு முன்னாடி. தெரியாதா ஒனக்கு?"

"அதுக்கு முன்னாடி தொறக்கமாட்டியா?"

"சாமி காசு. நடுவுல கை வைக்கக்கூடாது."

"நீதானே தொறப்பே? வேற ஆரும் தொறக்கமாட்டாங்கல்ல?"

"கடை ஆருது? நான்தான் தொறப்பேன்."

கொஞ்ச நேரம் கழித்து, "நம்ம கடைக் கேமராவுல இந்த அலமாரி தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது, கல்லாதான் தெரியும் என்றேன். திருட்டுப் புத்தி வந்துவிட்டதோ என்று ஒரு நொடி நினைத்தேன். நினைத்தது நானேதான். எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 14, வியாழன்

குழந்தைகள் தின விழா. எல்லார் முன்னாலும் புகார்ப்பெட்டியைத் திறந்து காட்டினேன். காலி. ஒரு துண்டுக் காகிதம் இல்லை. மைக்கில் சொன்னேன்: "நாலு மாசமாச்சு. ஒரு புகார் இல்லைங்க. நம்ம பள்ளிக்கூடம் அவ்வளவு சுத்தம்." அரங்கம் முழுக்கக் கைதட்டல். தண்டபாணி பூட்டைப் பூட்டி, சாவியைக் கண்ணில் ஒற்றி மடியில் செருகிக்கொண்டார்.

ஏழாம் வகுப்பு வரிசையில் பிரகதியைத் தேடினேன். தலை குனிந்து ஷூ லேசை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

டிசம்பர் 19, வியாழன்

சிமெண்ட் தட்டுப்பாடு. பிரகதி அரையாண்டில் ரேங்க் இறங்கிவிட்டாள். திட்டினேன். அவளுக்குக் காய்ச்சல்.

ஜனவரி 23, வியாழன்

புது வருஷ டைரி, இந்தத் தடவை சிவப்பு அட்டை. மூன்று வாரமாக நேரமில்லை.

யாத்திரைக்குப் போகிறவர்கள் பட்டியலைக் கடையில் ஒட்டினேன். பிரகதி வாசித்தாள். "மேனேஜரும் வர்றாராம்மா?" "அவரில்லாம யாத்திரையா?" "அப்ப நான் வல்லை." போன வருஷம் ஒட்டஞ்சத்திரம் வரை குதித்துக்கொண்டு வந்த பிள்ளை. "உண்டியல் எப்பம்மா தொறப்பே?" என்று மறுபடி கேட்டாள். வெள்ளிக்கிழமை, ஏழாம் தேதி என்றேன். காலண்டரில் போய் அந்தத் தேதியைப் பார்த்துவிட்டு வந்தாள்.

பிப்ரவரி 7, வெள்ளி

இன்று எழுதமாட்டேன்.

பிப்ரவரி 8, சனி

எழுதுகிறேன்.

நேற்று விளக்கு வைத்ததும் உண்டியலைத் திறந்து தட்டில் கொட்டினேன். சில்லறைக்கு நடுவே நான்காக மடித்த கணக்கு நோட்டுத் தாள். மேலே தேதி: அக்டோபர் 11. ஆயுதபூஜை நாள். சந்தனம் காயும் முன்னே போட்டிருக்கிறாள்.

"அம்மா, ரெஜினா மிஸ் ஒருத்தர் கேக்கலைன்னா இன்னொருத்தர்கிட்டச் சொல்லச் சொன்னாங்க. பெட்டியில போடலாம்னு போனேன். போட்டா மேனேஜர் சார் டிவியில தெரியும். சாவியும் அவர்கிட்ட. உன்கிட்டச் சொன்னேன். நீ திட்டினே. அதனால முருகன்கிட்டச் சொல்றேன். தைப்பூசத்துக்கு நீ திறப்பே. வியாழக்கிழமை நோட்டு கொண்டுபோனா சார் உள்ரூமுக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தறார்."

அதன்கீழ் நான்கு வரி இருக்கிறது. அதை இங்கே எழுதமாட்டேன். அது அவளுடையது. போலீசுக்கு மட்டும் காட்டுவேன்.

அக்டோபரிலிருந்து பிப்ரவரி. நான்கு மாதம். நான் தினமும் காலையில் அந்த அலமாரிக்கு ஊதுபத்தி ஏற்றினேன். கையெட்டும் தூரம். வியாழக்கிழமை வியாழக்கிழமையாக வயிற்றுவலி என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. போன வருஷ டைரியை எடுத்துப் பார்த்தேன். ஆகஸ்ட் எட்டு, இருபத்திரண்டு, செப்டம்பர் ஐந்து. ஆகஸ்ட் எட்டுதான் நாலு விரிசல் பைப்பைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிய நாள். பைப்பை எல்லாம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவள்.

ஸ்டாக்கிலிருந்து பதினாறு எம்.எம். கம்பி ஒன்றை உருவினேன். சிவசாமியிடம் தாளைக் கொடுத்தேன். வாசித்தார். டெம்போ சாவியை எடுத்தார். வாசலில் பிரகதி நின்றிருந்தாள். "தொறந்துட்டியாம்மா?" என்றாள்.

கம்பி கையிலிருந்து விழுந்தது.

என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஆயிரம் பேரிடம் பேரம் பேசியவளுக்குச் சொந்தப் பிள்ளையிடம் ஒரு வாக்கியம் வரவில்லை. ரெஜினாவுக்குப் போன் செய்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"அக்கா, மூணு விசயம் மட்டும் சொல்லுங்க. நீ சொல்றதை நான் நம்பறேன். தப்பு ஒன்மேல இல்லை. நான் பாத்துக்கறேன். வேற எதுவும் தோண்டித் தோண்டிக் கேக்காதீங்க."

"அவனை வெட்டிப் போட்டுட்டு வந்து சொல்றேன்."

"நீங்க உள்ள போய்ட்டா அவளை ஆரு பாப்பாங்க? அவன்கிட்ட இப்பப் போனா கேமராப் பதிவையெல்லாம் அழிச்சிருவான். இன்னும் எத்தனை புள்ளைங்களோ. சாமியாட்டமெல்லாம் அப்புறமுங்கக்கா. நான் கிளம்பி வர்றேன்."

மூன்றையும் சொன்னேன். முதலாவதைச் சொல்லும்போதே பிரகதி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "நான் திரும்ப லீடரா இருக்கணுமா?"

ரெஜினா வந்து குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் மகளிர் காவல் நிலையத்துக்கும் அவளே பேசினாள். இன்று காலை ஒரு பெண் இன்ஸ்பெக்டர் யூனிபார்ம் இல்லாமல், சுடிதாரில், வீட்டுக்கே வந்தார். பிரகதியின் அறையில் தரையில் உட்கார்ந்து, அவள் சொல்வதை அவள் சொன்னபடியே எழுதிக்கொண்டார். ஒரு தடவைகூட அவசரப்படுத்தவில்லை. என்னை உள்ளே இருக்கச் சொன்னார். இருந்தேன். கையிலிருந்த தண்ணீர்ச் சொம்பு நசுங்கியிருப்பதை அவர் போன பிறகுதான் பார்த்தேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

விடிவதற்குள் தாளாளர் நல்லமுத்து கார். கூடையில் ஆப்பிள். யார் சொன்னார்களோ.

"அம்மிணி, நாமெல்லாம் ஒரே ஊரு. பொம்பளைப் புள்ளை விசயம். வெளிய வந்தா பேரு கெடறது ஆருக்கு? நான் அவனை ஆருக்குந் தெரியாம வேலையை உட்டு அனுப்பிச்சுடறேன்."

"அனுப்பிச்சா எங்கீங்க போவான்?"

"எங்கயோ போறான். வேற பக்கம் பாத்துக்குவான்."

"வேற பள்ளிக்கூடமா?"

அவர் ஆப்பிள் கூடையை மேசையில் இன்னும் கொஞ்சம் என் பக்கம் தள்ளினார்.

"ஏனுங்க தாளாளரய்யா, வண்டு புடிச்ச மூட்டையைப் பக்கத்துக் கடைக்குத் தள்ளிவுடற யாவாரம் நான் பண்ணுனதில்லை. உங்க பள்ளிக்கூடம் பண்ணுமா? இவன் நம்மகிட்ட வர்றதுக்கு முன்னாடி எந்த ஊர்ல இருந்தான்? அங்க இருந்து ஏன் வந்தான்னு ஒரு போன் பண்ணிக் கேட்டீங்களா?"

அவர் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. ஒரு லேபரைக் கடையில் சேர்க்க மூன்று பேரிடம் விசாரிப்பேன்.

"தெரிஞ்சும் சொல்லாம மறைச்சா அதுவே கேசுன்னு இன்ஸ்பெக்டரம்மா சொன்னாங்க. நீங்க இப்பச் சொன்னதை அவங்ககிட்டச் சொல்லட்டுங்களா, இல்லை நீங்களே போறீங்களா?"

சிவசாமி கூடையைத் தூக்கிக்கொண்டுபோய்க் காருக்குள் வைத்தார். கதவை மெதுவாகச் சாத்தினார். "இந்தப் பக்கம் இனி வராதீங்க" என்றார். அவ்வளவுதான்.

மத்தியானம் செய்தி வந்தது. யாத்திரைக் குழு புறப்பட்டுச் சத்திரத்தில் சாப்பிட உட்கார்ந்திருக்கிறது. பச்சை வேட்டி, கழுத்தில் மாலையோடு பந்தியில் இருந்தவனை எழுப்பிக் கூட்டிப்போயிருக்கிறார்கள். குழுவில் பாதிப்பேர் போலீஸோடு சண்டை போட்டார்களாம், மாலை போட்ட சாமியைத் தொடலாமா என்று.

தொடலாமா என்று கேட்கிறார்கள்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். நடக்கவில்லை. உண்டியலைத் துடைத்து, மூடாமல், அதே இடத்தில் வைத்தேன்.

பிப்ரவரி 15, சனி

பள்ளியில் பெற்றோர் கூட்டம். பிள்ளையின் பெயர் வெளியே வரக்கூடாது என்பது சட்டம். யாரும் சொல்லவில்லை, எல்லார் கண்ணும் சொன்னது. நான் தலை நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தேன்.

பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். "நவம்பர் மாசம் மைக்குல சுத்தம்னு சொன்னது நீங்கதானுங்களே?"

"ஆமாங்க. நான்தான்."

"பெட்டி காலின்னு காட்டுனீங்க."

"காட்டுனேன். பெட்டியை அங்க மாட்டுனது நான். மேல கேமரா வெச்சது நான். சாவியை அந்தப் பொறுக்கி கையில குடுத்தது நான். ரெண்டு நாள் பயிற்சியை ஒரு மணி நேரமாக் குறைச்சதும், பசங்களைக் களை புடுங்க அனுப்புனதும், அவனை முன்னால உக்கார வெச்சு டீ குடுத்ததும் நான்தான். பெட்டி காலியா இருந்தா ஊரு சுத்தம்னு அர்த்தமில்லைங்க. போடறதுக்குப் புள்ளைங்க பயந்திருக்குதுன்னு அர்த்தம். காலிப் பெட்டியைக் காட்டிக் கைதட்டு வாங்குன முட்டாள் நான். கைதட்டுனது நீங்க."

ஒரு அம்மா மட்டும் முணுமுணுத்தாள்: "அதையெல்லாம் பேசிப் பேசித்தான் புள்ளைக கெட்டுப்போகுது."

"பேசாமத்தான் அம்மிணி கெட்டுச்சு" என்று கத்தினேன். மைக் தேவைப்படவில்லை.

ரெண்டு நாள் பயிற்சி. பையன்களுக்கும். வேலை செய்கிற எல்லாருக்கும் தனியாக. புதிதாக யாரை வேலைக்கு எடுத்தாலும் முன்பு இருந்த இடத்தில் விசாரித்து எழுத்தில் வாங்க வேண்டும். தீர்மானம் எழுதிக் கையெழுத்து வாங்காமல் யாரையும் வாசலைத் தாண்ட விடவில்லை. தலைவி பதவியை விடச் சொன்னார்கள். இது முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்றேன்.

கூட்டம் முடிந்ததும் டிரில் எடுத்து நான்கு போல்ட்டையும் கழற்றினேன். பெட்டியைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மாட்டினேன். ஏழு மாதத்துக்கு முன்னால் ரெஜினா காட்டிய அதே இடம். ரெண்டு சாவியையும் அவளிடம் கொடுத்தேன்.

"ஒண்ணு நீங்க வெச்சுக்கலாமே அக்கா."

"எங்கிட்டயும் வேண்டாம். என்னைப் பத்தி எழுதறதுக்கும் ஒரு புள்ளை இருக்கலாம்."

பிப்ரவரி 27, வியாழன்

பையன்களுக்கான பயிற்சி நேற்று முடிந்தது. பெரியவர்கள் எல்லாரும் வெளியே. நான் கேட்டுக்கு வெளியே நின்றேன். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது, பிறகு ரொம்ப நேரம் ஒன்றும் கேட்கவில்லை.

இன்று பெட்டி திறந்தார்கள். ரெஜினாவும், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து ஒரு அம்மாவும். முப்பத்தொரு சீட்டு. மூன்றை அவர்கள் பிரித்துப் பார்த்து உறையில் போட்டு ஒட்டினார்கள். முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். ரெண்டில் அதே பெயர் என்றாள் ரெஜினா. மூன்றாவது, வேன் டிரைவர் பற்றி, ஒரு பையன் எழுதியது. அதற்கு மேல் என்னிடம் சொல்லவில்லை. சொல்லக்கூடாது.

மற்றதை வாசித்துக் காட்டினாள். தண்ணீர்த் தொட்டியில் பல்லி. தமிழ் சார் குளிக்க வேண்டும். அரவிந்த் என் ஜியாமெட்ரி பாக்ஸைத் தரமாட்டேன் என்கிறான். ரெண்டு பேரும் சிரித்தோம், எத்தனையோ நாளுக்குப் பிறகு.

பிறகு மிச்சம் பதினேழு சீட்டையும் வரிசையாக வைத்தாள். வேறு வேறு கையெழுத்து. எல்லாம் ஒன்றே: பெண்கள் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தோழி வராத அன்று தண்ணீர் குடிப்பதில்லை.

என் கடையில் தாழ்ப்பாளில் மட்டும் இருபத்திரண்டு ரகம் இருக்கிறது. நான் இந்தப் பள்ளிக்குக் கொடுத்தது கேமரா.

காலையில் பிரகதி வயிற்றுவலி என்றாள். ஓமத் தண்ணீர் கொடுக்கவில்லை. "சரி கண்ணு, இன்னிக்குப் போக வேண்டாம். கடைக்கு வர்றியா?" என்றேன். வந்தாள். எதுவும் கேட்கவில்லை நான். போல்ட்டை அளவு பிரித்து டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள்.

மார்ச் 2, ஞாயிறு

பன்னிரண்டு கதவு. பன்னிரண்டு எஃகுத் தாழ்ப்பாள். ஆள் கூப்பிடவில்லை. சிவசாமி கதவைத் தூக்கிப் பிடித்தார், நான் டிரில் போட்டேன். ரெண்டு கதவின் மரம் உளுத்திருந்தது. ஸ்க்ரூ பிடிக்கவில்லை. அதற்குப் புதுக் கதவு புதன்கிழமை வரும். தாளாளர் வராந்தாவிலிருந்து பார்த்துவிட்டு உள்ளே போனார்.

பிரகதி தானாகத்தான் வந்தாள். ஒவ்வொரு கதவுக்குள்ளும் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தாள். ஐந்தாவது கதவுக்குள் போனவள் திறக்கவில்லை. நான் வெளியே நின்றேன். ஒரு நிமிடம். ரெண்டு நிமிடம்.

"கண்ணு?"

"இதுல அசையுதும்மா. வெளிய இருந்து தள்ளுனா வந்துரும். தள்ளிப் பாரு."

தோளைக் கொடுத்துத் தள்ளினேன். வந்துவிட்டது. அரை அங்குலம் குட்டையான ஸ்க்ரூ. நான் கவனிக்கவில்லை. அவள் கவனித்திருக்கிறாள்.

கழற்றி, ரெண்டங்குல ஸ்க்ரூ போட்டு முடுக்கினேன். அவள் மறுபடி உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள்.

"இப்பத் தள்ளு."

தள்ளினேன்.

"நல்லாத் தள்ளும்மா. உன்னால முடிஞ்ச வரைக்கும்."

முழு பலத்தையும் கொடுத்துத் தள்ளினேன். கதவு அசையவில்லை.